பிள்ளை பொய் சொல்கிறதா, தப்பாக நினைவு வைத்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். நடுவில் அஞ்சல் வழியில் உளவியல் படித்தேன். படித்த விஷயம் ஊருக்குத் தெரிந்ததிலிருந்து பெற்றோர் கூட்டத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் என்னைத் தேடி வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துபோய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"டீச்சர், எம்பையன் ஒகேனக்கல்ல பரிசல்ல போனேன், செருப்பு தண்ணில விழுந்துடுச்சுன்னு சொல்றான். அவன் பரிசல்லயே ஏறல. இப்பவே இப்படிப் பொய் சொன்னா பின்னாடி என்ன ஆவறது?"

உண்மை இன்னது என்று தெரிந்துகொண்டே அதை மறைத்தால்தான் பொய். இந்தப் பையனுக்கு உண்மை இன்னது என்றே தெரியாது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. செருப்பைத் தண்ணீரில் விட்டவன் அவனுடைய பெரியப்பா மகன். இவனுக்கு அப்போது இரண்டரை வயது. கரையில் ஆயாவோடு மீன் வறுவல் கடை ஓரமாக உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் அந்தச் செருப்புக் கதை ஓடியிருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், இவனும் சிரிக்கிறான். ஏதோ ஒரு நாள் கதைக்குள் இவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

இதைப் பலர் "பொய் நினைவு" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. பெற்றோர் அதில் "பொய்" என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பிள்ளையை அடிக்கப் போகிறார்கள். நான் "போலி நினைவு" என்கிறேன். நடக்காத ஒன்று, அல்லது வேறு யாருக்கோ நடந்த ஒன்று, தனக்கு நடந்ததாக மனதில் உட்கார்ந்திருப்பது. சொல்கிற பிள்ளையைப் பொறுத்தவரை அது நிஜம்.

"ஞாபகம்னா செல்போன்ல வீடியோ எடுத்து வெச்ச மாதிரிதானே? அதுல எப்படி இல்லாதது வரும்?"

வீடியோ மாதிரி இல்லை. பார்த்ததில் கொஞ்சத்தை வைத்துக்கொள்கிறோம். மீதியை ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் "இப்படித்தான் இருந்திருக்கும்" என்று கட்டிக்கொள்கிறோம். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் இதை 1932இலேயே எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நாள் கழித்துத் திருப்பிச் சொல்லவைத்தார். புரியாத இடங்கள் கழன்று விழுந்தன. துடுப்புத் தோணி, படித்தவர்களுக்குப் பழக்கமான படகாக மாறியது.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தன்று பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். தரையில் பெரிய மண் உருவமாகத் துரியோதனன் படுத்திருப்பான். ஒரு வாரம் கழித்து என் மூன்றாம் வகுப்பில் கேட்டேன். "துரியோதனன் எழுந்திரிக்கப் பார்த்தான் டீச்சர், பீமன் மிதிச்சுட்டான்" என்றது ஒரு பிள்ளை. மண் பொம்மை எங்கே எழுந்திருக்கும்? ஆனால் தொடையில் அடிபட்டவன் எழ முயல்வான் என்பது அதற்குத் தெரியும். அந்தத் தெரிந்த விஷயம் பார்த்த விஷயத்தோடு ஒட்டிக்கொண்டது.

பெரியவர்களும் தப்பவில்லை. 1974இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள், சிலரிடம் "இடித்து நொறுங்கியபோது" என்று. நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து "கண்ணாடி உடைந்து கிடந்ததா?" என்று கேட்டபோது, "நொறுங்கிய" கூட்டத்தில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். "இடித்த" கூட்டத்தில் 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

"சின்னப் பிள்ளைங்கதானே இப்படிக் குழம்பும்? பெருசானா தானா சரியாயிடும் இல்ல?"

பாதி சரி. இந்தக் கேள்வியில்தான் நானே பல வருஷம் தப்பான பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வருகிற தப்பு ஒன்று. பெரியவர் ஒருவர் ஏதோ சொல்லிவைக்கிறார், கேள்வியிலேயே பதிலைத் திணிக்கிறார், பிள்ளை அதை ஏற்றுக்கொள்கிறது. இதில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் சறுக்கும். இந்த விஷயம் எங்கிருந்து மனதுக்கு வந்தது, கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, கனவா என்று பிரித்துப் பார்ப்பது அந்த வயதில் கஷ்டம். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதையும் உண்டு. வளர வளர இந்தத் தப்பு குறையும்.

இன்னொன்று உள்ளேயே முளைக்கிற தப்பு. என் வகுப்பில் இப்படிச் செய்து பார்த்தேன்: "தோப்பு, மண்டி, கொட்டை, காம்பு, அணில், கூழ், மஞ்சள், கோடை, செந்தூரா, மல்கோவா" என்று மெதுவாக வாசித்தேன். கொஞ்ச நேரம் பாட்டுப் பாடவிட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் பலர் "மாம்பழம்" என்று எழுதினார்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. ஒன்றாம் வகுப்பில் வாயால் சொல்லச் சொன்னேன். குறைவான சொற்களைத்தான் சொன்னார்கள், ஆனால் "மாம்பழம்" அநேகமாக வரவில்லை. நான் செய்தது வகுப்பு விளையாட்டு, ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி என்றால், இந்தச் சொற்பட்டியல் முறையை 1959இல் ஜேம்ஸ் டீஸ் தொடங்கினார். 1995இல் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் அதை மறுபடி கையில் எடுத்துப் பிரபலமாக்கினார்கள். 2002இல் சார்ல்ஸ் பிரெய்னெர்டும் வேலெரி ரெய்னாவும் அவர்கள் குழுவும் சின்னவர்களையும் பெரியவர்களையும் ஒப்பிட்டபோது தெரிந்தது இதே தலைகீழ்க் கணக்குதான்: இந்தத் தப்பு வயது கூடக் கூட ஏறுகிறது.

காரணத்தை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். மாங்கூழ் ஃபேக்டரியில் தோலும் கொட்டையும் போய்ச் சாறுதானே மிஞ்சும்? வளர்ந்த மூளை கேட்டதிலிருந்து சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பத்துச் சொல்லையும் சேர்த்து "ஓ, மாம்பழ விஷயம்" என்று பிடித்துவிடுகிறது, அந்தச் சாரமே கேட்ட சொல்லாகவும் தோன்றிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மண்டிக்கும் அணிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தானாகக் கோக்கத் தெரியாது. அதனால் தப்பும் வருவதில்லை. எட்டாம் வகுப்புக்காரன் செய்த தப்பு, அவன் மூளை நன்றாக வேலை செய்வதன் பக்கவிளைவு.

"கதையாச் சொன்னாத்தான் சின்னதுங்க மனசுல நிக்கும்னு நீங்கதானே பயிற்சில சொன்னீங்க. அப்ப கதையும் தப்பா?"

கேட்டவர் ஒரு அங்கன்வாடிப் பணியாளர். நல்ல கேள்வி, என்னை மடக்கிவிட்டார்.

முந்தைய பதிலில் சின்னப் பிள்ளை தானாகக் கோக்காது என்றேன். நாம் கோத்துக் கொடுத்தால்? இதை ஸ்டீஃபன் டியூஹர்ஸ்ட் குழு 2007இல் சோதித்தது. 5, 8, 11 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு வெறும் பட்டியல், சிலருக்கு அதே சொற்களை வைத்துப் பின்னிய கதை. 8, 11 வயதுக்காரர்களுக்குக் கதையால் பெரிய வித்தியாசம் இல்லை. 5 வயதுப் பிள்ளைகளிடம் மட்டும், கதையாகக் கேட்டபோது சொல்லாத சொல்லை "கேட்டேன்" என்பது கூடியது. அதாவது, சின்னப் பிள்ளைக்குச் சாரம் பிடிக்கும் திறமை இல்லாமல் இல்லை. சூழல் கைகொடுத்தால் அதுவும் பெரியவர்களைப் போலவே பிடிக்கிறது, அவர்களைப் போலவே தப்பும் செய்கிறது.

இதற்காகப் பாடத்தில் கதையை நிறுத்தவேண்டாம். ராகி களி கிண்டுவதைக் கதையாகச் சொன்னால், நாம் சொல்லாத உப்பையும் சேர்த்துப் பிள்ளை நினைவு வைக்கும். வைக்கட்டுமே, என்ன கெட்டுவிட்டது? கதை ஆபத்தாகிற இடம் ஒன்றுதான். நடந்ததைக் கேட்கும்போது நாமே முழுக்கதையையும் கட்டி முன்னால் வைப்பது. "பெல் அடிச்சதும் ஓடுனியா, அவன் பின்னாடி வந்தானா, தள்ளுனானா?" என்று கேட்டால் பிள்ளையின் வேலை தலையாட்டுவது மட்டும்தான்.

"திரும்பத் திரும்பக் கேட்டாத்தானே உண்மை வரும்? போலீஸ்காரங்களே அப்படித்தானே கேக்கறாங்க?"

"ஆமாவா இல்லையா" என்ற கேள்வியை இரண்டு தடவை கேட்டுப் பாருங்கள். முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்துச் சின்னப் பிள்ளை மாற்றிச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் நாங்கள்தான் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறோம். "இன்னொரு தடவை யோசி" என்று டீச்சர் சொன்னால் சொன்னது தப்பு என்று அர்த்தம்.

இதைவிட மோசம், நடக்காத ஒன்றை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது. ஸ்டீஃபன் சேசி குழு 1994இல் பள்ளி சேராத வயதுப் பிள்ளைகளிடம், நடந்த சில விஷயங்களோடு நடக்காதவற்றையும் கலந்து வாராவாரம் கேட்டது. அதில் ஒன்று, எலிப்பொறியில் விரல் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. பல வாரம் போனபிறகு, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடக்காத ஒரு சம்பவத்தையாவது நடந்ததாகச் சொன்னார்கள். வெறும் "ஆமாம்" இல்லை. யார் கூட்டிப்போனார்கள், எந்த விரல் என்றெல்லாம் விவரம். நடக்காதது பற்றித்தான் இந்த எச்சரிக்கை. நிஜமாக நடந்ததைப் பிள்ளை தன் போக்கில் மறுபடி சொன்னால், முன்பு விட்டுப்போன ஒன்றிரண்டு விவரம் சரியாகவே வருவதும் உண்டு.

"அந்த ஆள் மோசமானவன்னு ஏற்கெனவே பிள்ளைகிட்ட சொல்லி வெச்சிருக்கோம். அதுல என்ன இருக்கு, உஷாரா இருக்கத்தானே?"

உஷாராக இருக்கச் சொல்வது வேறு, ஓர் ஆளைப் பற்றி மாதக்கணக்கில் கதை ஏற்றுவது வேறு. 1995இல் மிஷெல் லைக்ட்மனும் சேசியும் ஒரு சோதனை செய்தார்கள். சாம் ஸ்டோன் என்று பெயர் கொடுத்து ஓர் ஆளை நர்சரி வகுப்புக்கு அனுப்பினார்கள். சும்மா வந்தார், நடந்தார், சில நிமிடத்தில் போய்விட்டார். ஆனால் சில பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே "சாம் எதைத் தொட்டாலும் உடைப்பான்" என்று கதைகள் சொல்லியிருந்தார்கள். அப்புறம் "சாம் புத்தகத்தைக் கிழித்தபோது வேண்டுமென்றே கிழித்தாரா?" என்கிற மாதிரி கேள்விகள். கடைசியில் நேராகக் கேட்டபோது 3, 4 வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் சாம் ஏதோ ஒன்றைக் கெடுத்தார் என்றார்கள். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டு, நிஜமாகவா என்று மென்மையாக மறுத்துப் பார்த்தபோது விடாமல் நின்றவர்கள் 21 சதவீதம். முன்கதையும் திணித்த கேள்வியும் இல்லாத பிள்ளைகளிடம் இந்தக் குற்றச்சாட்டு ஏறக்குறைய எழவே இல்லை.

பங்காளிச் சண்டை உள்ள வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல நான் விரும்பவில்லை.

"எங்க தெருப் பிள்ளைங்க அஞ்சாறு பேரும் ராகிக் காட்டுல ஆனையப் பாத்தோம்னு சொல்றாங்க. எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னா நிஜம்தானே?"

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. அங்கே ஆனை வருவது நிஜம்தான். வனத்துறை பட்டாசு வெடிப்பதும் நிஜம். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்களா என்பது தனி விஷயம். ஒருவன் அப்பா ஃபோனில் பேசியதைக் கேட்டு வந்து சொல்லியிருந்தால் போதும், சாயந்திரத்துக்குள் அஞ்சு பேரும் "பார்த்திருப்பார்கள்". தந்தம் எவ்வளவு நீளம் என்றும் சொல்வார்கள்.

கேப்ரியல் பிரின்சிபே என்ற ஆய்வாளர் இதைப் பள்ளியிலேயே செய்து பார்த்தார். மந்திர வித்தைக்காரர் ஒருவர் தொப்பியிலிருந்து முயலை எடுக்க முயன்று தோற்றுப்போகிறார். அப்புறம் முயல் தப்பி ஓடிப் பள்ளிக்குள் திரிகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது சில பிள்ளைகள் காதில் விழுகிறது. அந்த வதந்தியைக் கேட்டவர்கள் மட்டுமில்லை, கேட்டவர்களோடு விளையாடிய பிள்ளைகளும் முயல் தப்பியதாகச் சொன்னார்கள். பலர் கண்ணால் பார்த்ததாகவே சொன்னார்கள். ஆகவே ஐந்து பேர் ஒன்று போலச் சொன்னால் நான் முதலில் கேட்பது, "நீங்க அஞ்சு பேரும் இதைப் பத்தி எப்போ பேசிக்கிட்டீங்க?"

"வீட்டுல தெலுங்கு, பள்ளிக்கூடத்துல தமிழ். ரெண்டு மொழி இருந்தா ஞாபகம் குழம்புமா?"

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் நிறையக் கேட்கிறார்கள். மொழியால் ஞாபகம் கெடாது. மூன்றாவது பதிலில் சொன்ன சாரம் மட்டும் மொழி தாண்டியும் வரும். பிரெஞ்சும் இங்கிலீஷும் பேசும் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஒரு மொழியில் பட்டியலைக் கேட்டு இன்னொரு மொழியில் சோதித்தாலும் சொல்லாத சொல் எட்டிப்பார்க்கிறது. தெலுங்கில் நடந்த சண்டையைத் தமிழில் விசாரிக்கும்போது "அவன் சொன்ன வார்த்தை என்ன, அப்படியே சொல்லு" என்று அழுத்தாதீர்கள். பொருள் வரும், அதே வார்த்தை வராது.

"வீட்டுல கேட்டா ஒண்ணும் நெனப்பில்லங்கறா. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டுனதும் எல்லாம் சொல்றா. நடிக்கிறாளா?"

இல்லை. எங்கே நடந்ததோ அந்த இடம் நினைவைத் தட்டி எழுப்பும். 1975இல் காடனும் பேடிலியும் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கு அடியிலும் கரையிலும் சொற்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள். அடியில் படித்தது அடியிலும், கரையில் படித்தது கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தது. அடுப்படிக்குள் போய் எதற்கு வந்தோம் என்று விழித்துவிட்டு, திரும்பக் கூடத்துக்கு வந்ததும் நினைவு வருகிறதே, அது இதன் தம்பிதான்.

"ஃபோட்டோ இருக்கே டீச்சர்! ஃபோட்டோ பொய் சொல்லுமா?"

2002இல் கிம்பர்லி வேட் குழு, 20 பெரியவர்களுக்கு அவர்களுடைய சின்ன வயதுப் படத்தை வெப்பக்காற்று பலூனில் ஒட்டித் தயாரித்த போலிப் படத்தைக் காட்டியது. சில பேட்டிகளில் 10 பேருக்குப் போகாத பலூன் பயணம் கொஞ்சமாவது "நினைவு" வந்தது. நிஜ ஃபோட்டோவும் இந்த வேலையைச் செய்யும். முதல் கேள்வியில் வந்த பையன் வீட்டு ஃபோனில் அந்தப் பரிசல் படம் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பானாம்.

"அப்ப ஒரு பிள்ளை 'என்னைத் தப்பாத் தொட்டாங்க'ன்னு சொன்னா அதுவும் போலி நினைவுன்னு விட்டுடலாமா?"

விடவே கூடாது. நான் இந்தப் பக்கத்தை எழுதவே தயங்கியது இதற்காகத்தான். மேலே உள்ள சோதனைகளை மறுபடி பாருங்கள். பிள்ளைகள் தடுமாறிய இடமெல்லாம் யாரோ முன்கூட்டிச் சொன்ன, திணித்த, வாரக்கணக்கில் கேட்ட இடங்கள். யாரும் கேட்காமல், பிள்ளை தானாக வந்து சொல்வது அந்த ரகம் இல்லை. நான்கு வயதுப் பிள்ளையும் நடந்ததைச் சரியாகச் சொல்ல முடியும். வயதைக் காரணம் காட்டி மட்டும் சாட்சியத்தை ஒதுக்க நம் சட்டமும் விடுவதில்லை. கேள்வி புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

செய்யவேண்டியது: கேளுங்கள், நம்புகிறேன் என்று காட்டுங்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதற்கு மேல் துருவாதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், அல்லது போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் புகார் சொல்வது கட்டாயம். அதே சட்டம், வாக்குமூலம் பதியும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது, பிள்ளையை நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கக்கூடாது என்கிறது. வக்கீல் நேராகக் கேட்காமல் நீதிபதி வழியாகக் கேட்கவேண்டும் என்றும் வைத்திருக்கிறது. பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளாளுக்கு உட்காரவைத்து விசாரித்தால் பிள்ளையும் நோகும், வழக்கும் கெடும்.

அப்படிக் கெட்டுப்போன வழக்குக்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் மெக்மார்டின் மழலையர் பள்ளியில் பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொண்டார்கள் என்ற வழக்கு 1983இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பொம்மை காட்டி, "மத்தவங்க எல்லாம் சொல்லிட்டாங்க, நீயும் சொல்லு கெட்டிக்காரி" என்று பேட்டி எடுத்தார்கள். ரகசியச் சுரங்கம் வரை கதை போனது. 1990இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. அங்கே ஏதாவது நிஜமாக நடந்திருந்தாலும் அந்தக் கேள்விகளுக்கு அடியில் அது புதைந்துபோயிருக்கும்.

"இத்தனை வருஷ அனுபவத்துல மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவீங்களே?"

முடியாது. சாம் ஸ்டோன் பிள்ளைகளின் வீடியோவைக் குழந்தைகள் துறையில் பழுத்த வல்லுநர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் பிள்ளை சொல்வது நிஜம் என்று அவர்களாலும் பிரிக்க முடியவில்லை. விவரம் நிறைய இருப்பதோ, அழுவதோ, தயங்காமல் பேசுவதோ அடையாளம் இல்லை. நான் பார்ப்பது, அதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் யார் யார், எப்படிக் கேட்டார்கள் என்பதைத்தான்.

"பரிசல் கதைய என்ன பண்ண? இல்லடா, நீ ஏறலன்னு சொல்லிடவா?"

சொல்லலாம், அவமானப்படுத்தாமல். "செருப்பு விட்டது உங்கண்ணன். நீ ஆயா மடியில இருந்த" என்று ஒரு தடவை. ஏற்காவிட்டால் விட்டுவிடுங்கள். யாருக்கும் நஷ்டமில்லாத நினைவு அது. அடுத்த லீவில் நிஜமாகவே பரிசலில் கூட்டிப்போனாலும் சரி.

"உங்களுக்கே இப்படி ஒண்ணு உண்டா டீச்சர்?"

உண்டு. கிருஷ்ணகிரி அணையில் மதகு திறந்திருக்கிறது, அப்பா தோளில் நான், நீல கவுன், முகத்தில் சாரல். போன வருஷம் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அம்மை போட்டிருந்ததாம், பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்களாம். நீல கவுன் அக்காவுடையது. அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். அவளுக்கு அணைக்குப் போனதே ஞாபகமில்லை.